நடுங்கும் கைக்கு ஒரு மின்சாரக் காப்பு

1892-ஆம் ஆண்டு. பாரிஸ் மாநகரின் ஸால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில், மின்சார மோட்டார் பொருத்திய நாற்காலியொன்று இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவர் பார்க்கின்ஸன் நோயாளி; தம் கைகள் தம் வசத்தில் நில்லாமல் ஆடுகின்றன என்ற குறையோடு வைத்தியத்துக்கு வந்தவர். நடுங்குகிற மனிதரைப் பிடித்து மேலும் குலுக்கும் இந்த விபரீத சிகிச்சையை வகுத்தவர் யாரோ போலி வைத்தியர் அல்லர். நரம்பியல் சாஸ்திரத்தின் பிதாமகர்களுள் ஒருவராக உலகம் மதிக்கும் ழான் மார்த்தேன் ஷார்கோவே அவர். ரயிலிலும், மேடு பள்ளமான பாதைகளில் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கி வந்த நோயாளிகள், பிரயாணக் களைப்பால் வாடி இறங்குவதற்கு மாறாக, வண்டியில் இருந்த பொழுதுதான் உடம்பு இலேசாக இருந்தது என்று ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லக் கேட்டு, அந்தக் குலுக்கலையே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று அவர் எண்ணியதன் விளைவு அந்த நாற்காலி. அரை மணி நேரம் அதில் இருந்து எழுந்தவர்கள் விறைப்புத் தளர்ந்தது என்றார்கள். இரவில் நல்ல நித்திரை வந்தது என்றார்கள். மறு ஆண்டே ஷார்கோ காலமானார். நாற்காலியும் காலப்போக்கில் மறக்கப்பட்டது.

ஏறத்தாழ 120 ஆண்டுகள் சென்றபின், 2012-இல், சிகாகோ நகரத்து ரஷ் பல்கலைக்கழக நரம்பியலார் அந்த நாற்காலியின் புகழை உரைத்துப் பார்த்தார்கள். பார்க்கின்ஸன் நோயாளிகளில் ஒரு சாராரை அதிரும் நாற்காலியிலும், மற்றொரு சாராரை அதிராத நாற்காலியில் மனத்துக்கு இதமான ஓசைகளைக் கேட்டபடியும் நாள்தோறும் அரை மணி நேரம் அமர்த்திவைத்து, ஒரு மாத முடிவில் பரிசோதித்தபோது, இரு சாராரும் முன்னேறியிருந்தனர். அதிர்ந்தவருக்கும் அதிராதவருக்கும் இடையே வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

பழங்கதையை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கட்டில் கடிகாரம் அணிவது போல் அணிந்துகொண்டு, தோலின் வழியே மிதமான மின்சாரத்தைச் செலுத்திக் கை நடுக்கத்தைத் தணிக்கும் கருவிகள் இன்று சந்தைக்கு வந்துவிட்டன. நடுங்கும் கையில் பட்டையைக் கட்டியதும் தண்ணீர் சிந்தாமல் குடிக்கும் முதியவர்களின் சலனப் படங்கள் குடும்பத்துக் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு வாங்கலாமா, அம்மாவுக்கு ஆகுமா என்று கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் புகுமுன், அதிராத நாற்காலியில் இருந்தவர்களும் முன்னேறினார்கள் என்ற விஷயத்தை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

மணிக்கட்டுக்கு வந்த மின்சாரம்

இத்துறையில் அதிகமாகப் பேசப்படுவது அமெரிக்காவின் காலா ஹெல்த் கம்பெனி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியிலிருந்து கிளைத்து, கேட் ரோஸன்புளூத் என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் 2014-இல் தோன்றிய இந்த ஸ்தாபனத்தின் கருவிக்கு, 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முதன்முதலாக அனுமதி வழங்கியது. அந்த அனுமதி பார்க்கின்ஸன் நோய்க்கு அன்று. 'எஸென்ஷியல் ட்ரெமர்' என்று டாக்டர்கள் குறிப்பிடும் வேறொரு நடுக்க வியாதிக்கே. பார்க்கின்ஸன் நோயாளிகளும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி, 'காலா கே.ஐ.க்யூ.' என்ற பிற்காலக் கருவிக்கு 2022 நவம்பரில்தான் கிடைத்தது.

கருவி வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. பட்டையின் உட்புறத்தில் மின்முனைகள் பதிந்திருக்கின்றன. அணிந்துகொண்டவர், தமக்கு நடுக்கத்தை உண்டாக்கும் நிலையில் கையைச் சற்றுநேரம் வைத்துக்கொள்ள, உள்ளிருக்கும் அசைவுமானி அந்த நடுக்கத்தின் தாளத்தை அளந்துகொள்கிறது. ஒவ்வொருவர் தாளமும் வேறு. ஆகையால் ஒருவருக்குப் பொருத்திய அளவு மற்றவருக்குச் செல்லாது. கை வினாடிக்கு 5 முறை ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு ஆகும் காலம் 200 மில்லிசெகண்டு. அதன் முற்பாதியில் மணிக்கட்டின் உட்புறமாகச் செல்லும் மீடியன் நரம்பையும், பிற்பாதியில் கட்டைவிரல் பக்கமாகப் புறங்கைக்குச் செல்லும் ரேடியல் நரம்பையும் மாறி மாறிக் கருவி தூண்டுகிறது. 40 நிமிஷம் இப்படி நடக்கிறது. தசை துள்ளுவதில்லை; விரல்களில் ஒரு கூச்சம் மட்டும் ஓடும்.

மணிக்கட்டில் கொடுக்கும் இந்தக் கூச்சம் நடுக்கத்தை எப்படித் தணிக்கும்? நடுக்கம் பிறப்பது கையில் அன்று, மூளையில். மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்னும் பகுதியில் ஏராளமான நரம்பணுக்கள், தத்தம் போக்கில் இயங்குவதை விட்டு, ஒரே தாளத்தில் ஒருசேரத் துடிக்கத் தொடங்கும்போது அந்தத் தாளமே கையில் நடுக்கமாக வெளிப்படுகிறது. மணிக்கட்டு நரம்புகளின் உணர்வுச் செய்தி முதுகுத் தண்டின் வழியே ஏறி அதே பகுதியைச் சென்று எட்டுகிறது. இரண்டு நரம்புகளிலிருந்தும் முன்னும் பின்னுமாக வரும் செய்திகள் அந்த ஒருமித்த துடிப்பைக் கலைத்துவிடுகின்றன என்பதே கருவியை ஆக்கியவர்களின் கொள்கை. மண்டை ஓட்டைத் துளைத்து மின்கம்பியை இறக்கும் அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் குறிவைக்கும் இடமும் இதுவே ஆதலால், கொள்கையைப் புறக்கணித்துவிட முடியாது. ஆனால் கொள்கை பொருத்தமாக இருப்பது வேறு, கருவி பயன் தருவது வேறு.

காபி சிந்துவது எந்த நடுக்கத்தால்?

விளம்பரப் படங்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. பார்க்கின்ஸன் நோயின் முத்திரையாக நாம் அறிந்த நடுக்கம், கை சும்மா இருக்கும்போது வருவது. மடியில் வைத்த கையில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒரு மாத்திரையை உருட்டுவது போல வினாடிக்கு 4 முதல் 6 முறை உரசிக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணை உறுத்துவதும், நோயாளியைக் கூட்டத்தில் கூசி ஒதுங்கச் செய்வதும் இதுதான். ஆயினும் அவர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால், பெரும்பாலும் அந்த நடுக்கம் அடங்கிவிடும். டம்ளரைத் தூக்கி வாயருகே நிறுத்தும்போது, சில வினாடி அமைதிக்குப் பிறகு, அது மீண்டும் தலைகாட்டும். காபியைச் சிந்த வைப்பது இந்த இரண்டாவது நடுக்கமே.

காலா கருவிக்கு அமெரிக்க நிர்வாகம் பார்க்கின்ஸன் விஷயத்தில் அளித்த அனுமதியின் எல்லையும் இதுதான். கையைத் தூக்கிப் பிடிக்கும்போதும் காரியம் செய்யும்போதும் வரும் நடுக்கத்துக்கு, கருவி அணிந்த கையில் மட்டும், தூண்டுதலுக்குப் பின் தற்காலிக நிவாரணம். ஓய்வு நடுக்கத்துக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நோயை ஆற்றும் என்றோ, அது முற்றுவதைத் தடுக்கும் என்றோ கருவியை விற்பவர்களும் உரிமை கொண்டாடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நோயில் மனிதரை முடக்குவது நடுக்கத்தைக் காட்டிலும் விறைப்பும் மந்தமும்தான். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவிப்பது, படுக்கையில் புரள முடியாமல் கிடப்பது, நடையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவது ஆகிய அவஸ்தைகளை மணிக்கட்டுப் பட்டை தீண்டுவதே இல்லை. கையெழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கின்ஸன் நோயாளியின் எழுத்து வரவரச் சிறுத்து, வரியின் முடிவில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடுவதற்குக் காரணம் நடுக்கமன்று, இயக்கத்தின் மந்தம். நடுக்கத்தை முற்றிலும் நிறுத்தினாலும் அந்த எழுத்துப் பெரிதாகிவிடாது. கருவியை வாங்கியும் கையெழுத்துச் சரியாகவில்லை என்று குறைப்படுவோருக்குப் பெரும்பாலும் இதுவே பதில்.

பெட்டிச் செய்தி: இக்கருவி யாருக்கு ஆகாது?

இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் பொருத்தியவர்களும், மூளையில் மின்தூண்டல் கருவி பதித்தவர்களும் அணியக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், அது இருக்கலாம் என்று ஐயுறப்படுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கும் விலக்கு. வீக்கம், புண், தொற்று, புற்றுக்கட்டி உள்ள தோலின் மேல் மின்முனையை வைக்கலாகாது. அமெரிக்காவிலேயே இது டாக்டரின் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் பொருள் அன்று.

லண்டன் தெருவிலிருந்து சென்னைப் பரிசோதனைச் சாலை வரை

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்ஸன், 1817-இல் ஆறு பேரின் நிலையை வர்ணித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி, தொட்டுப் பரிசோதித்ததில்லை. அவர் பெயரை நோய்க்குச் சூட்டியவர், முன்னே கண்ட ஷார்கோ. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் அணுக்கள் அழிவதே நோயின் மூலம் என்பது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தெளிவாயிற்று. அந்தக் குறையை ஈடுசெய்யும் லெவோடோபா 1960-களில் நடைமுறைக்கு வந்து, இன்றுவரை அதற்கு மிஞ்சிய மருந்து இல்லை என்ற நிலையில் நிற்கிறது.

நம்மவர்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. நம் நாட்டு வைத்திய நூல்கள் கம்பவாதம் என்று குறிக்கும் வியாதிக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பூனைக்காலி விதையில் இந்த லெவோடோபாவே இருக்கிறது என்பதை, 1937-இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர் ரசாயனப் பரிசோதனைச் சாலையிலிருந்து தாமோதரன், ராமஸ்வாமி என்னும் இருவர் பிரித்தெடுத்து நிரூபித்தார்கள். இது பார்க்கின்ஸன் நோய்க்கு மருந்தாகும் என்று உலகம் அறிவதற்குக் கால் நூற்றாண்டு முந்திய சங்கதி. 1960-களில் சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தி, டாக்டர் பாலசுப்பிரமணியம், டாக்டர் கனகா ஆகியோர் நடுக்கத்துக்கு மூளையின் ஆழத்தில் நுண்ணிய அறுவை செய்துவந்ததும் வைத்திய சரித்திரத்தில் பதிவான விஷயம்.

அப்படிப்பட்ட அறுவையின்போதுதான், 1987-இல், பிரான்ஸின் கிரனோபிள் நகரத்து டாக்டர் பெனபீட், அழிக்க வேண்டிய இடத்தைச் சரிபார்க்கச் செலுத்திய அதிவேக மின்தூண்டலிலேயே நடுக்கம் நின்றுவிடுவதைக் கவனித்தார். அழிக்க வேண்டாம், தூண்டினால் போதும் என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும் இன்றைய டி.பி.எஸ். சிகிச்சை பிறந்தது. அது சிலருக்கு ஆச்சரியமான பலன் தருவது மெய். அதற்குப் பல லட்சம் ரூபாயும், மண்டையைத் துளைக்கச் சம்மதிக்கும் தைரியமும் வேண்டும் என்பதும் மெய். மாத்திரைக்கும் அறுவைக்கும் நடுவே கிடந்த அந்த வெற்றிடத்தைத்தான் அணியும் கருவிகள் நிரப்பப் பார்க்கின்றன.

ஊஞ்சலை நிறுத்தும் யுக்தி

மின்சாரத்தால் கையை அடக்கும் எண்ணம் காலா கம்பெனியோடு பிறந்ததன்று. 1992-இல் கனடாவின் எட்மன்டன் நகரில் ஆர்தர் ப்ரொஹாஸ்காவும் அவர் தோழர்களும் செய்த யுக்தி மிக எளியது. கை ஒரு பக்கம் ஆடும் கணத்தில், எதிர்ப் பக்கம் இழுக்கும் தசையை மின்சாரத்தால் சுருங்கச் செய்தார்கள். ஆடிவரும் ஊஞ்சலை எதிரே நின்று தள்ளினால் அது எப்படி ஓய்ந்துவிடுமோ அப்படி நடுக்கம் வெகுவாக அடங்கியது. சோதனைச் சாலையில் வெற்றி பெற்ற இந்த வழி வீட்டுக்கு வந்து சேராமைக்குக் காரணங்கள் உண்டு. தசை களைத்துவிடும், தோல் வலிக்கும், மனிதர் தாமே கையை அசைக்க எண்ணும்போது கருவி அதையும் நடுக்கமென்று மயங்கிக் குறுக்கே நிற்கும். பின்வந்தவர்கள் தசையை விட்டு உணர்வு நரம்பைத் தூண்ட முற்பட்டது இந்தத் தொல்லைகளால்தான்.

தசையைத் தூண்டும் வழி அத்துடன் மாண்டுவிடவில்லை. பாங்காக் நகரின் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்து டாக்டர்கள், மருந்துக்கு அடங்காத ஓய்வு நடுக்கம் உள்ள பார்க்கின்ஸன் நோயாளிகளுக்கென்றே ஒரு கையுறையை ஆக்கினார்கள். நடுக்கத்தை உணரும் கருவியும், கையின் சிறு தசைகளைத் தூண்டும் மின்முனைகளும் அதிலேயே அமைந்திருந்தன. 2017-இல் வெளியான அவர்கள் ஆராய்ச்சியில் 30 நோயாளிகள் பங்கெடுத்தனர். ஒரு பாதிப் பேருக்கு மெய்யான தூண்டுதல், மறு பாதிக்குப் பாவனைத் தூண்டுதல். தூண்டுதல் நடக்கும் பொழுதில் நடுக்கம் மெய்ச் சிகிச்சை பெற்றவர்களிடம் தெளிவாகக் குறைந்தது. 30 பேர் என்பது சிறிய தொகை. தூண்டுதல் நின்றபின் பலன் எவ்வளவு நிலைக்கும் என்பது தனிக் கேள்வி. இருந்தாலும், பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மையை இந்தச் சிறிய ஆராய்ச்சி கடைப்பிடித்தது என்பதால், பகட்டான பல விளம்பரங்களைவிட இதற்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன்.

நம்பிக்கையே சுரக்கும் டோபமின்

பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வாசகர் கேட்கலாம். தாத்தாவின் கை நின்றுவிட்டதைக் கண்ணால் கண்ட பிறகு ஒப்பீடு எதற்கு?

இந்த நோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. குணமாகும் என்ற எதிர்பார்ப்பு எழும்போது மூளையில் சுரப்பது டோபமின். இந்த நோயில் குறைந்துபோயிருப்பதும் டோபமின். 2001-இல் கனடாவின் வான்கூவர் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், வெறும் போலி மருந்தை மெய்மருந்து என்று நம்பிப் பெற்றுக்கொண்ட பார்க்கின்ஸன் நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்து, அங்கே மெய்யாகவே டோபமின் வெளிப்படுவதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். ஆகவே போலி மருந்தால் தேறியவர் பொய் சொல்லவில்லை, பிரமையிலும் இல்லை. அவர் கை உண்மையாகவே சற்று நின்றது. ஆனால் நிறுத்தியது மருந்து அன்று.

இதைவிட வேடிக்கையானது 2015-இல் சின்சினாட்டி நகரிலிருந்து வெளிவந்த சோதனை. 12 பார்க்கின்ஸன் நோயாளிகளுக்கு இரண்டு ஊசிகள் போடப்பட்டன. ஒன்றின் விலை 1,500 டாலர் என்றும், மற்றது 100 டாலர் என்றும் அவர்களிடம் சொல்லப்பட்டது. இரண்டிலும் இருந்தது வெறும் உப்பு நீர். விலை உயர்ந்தது என்று சொல்லிப் போட்ட உப்பு நீர், மலிவான உப்பு நீரைவிட அதிக குணம் காட்டிற்று. பெரும் பொருள் கொடுத்து அயல்நாட்டிலிருந்து தருவித்து, குடும்பமே சூழ்ந்து நின்று பார்க்கையில் முதன்முறையாகக் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையின் விஷயத்தில் இந்தச் சோதனையை நினைவுகூராமல் இருக்க முடியுமா?

இந்த உரைகல்லில் மணிக்கட்டுக் கருவியை வைத்துப் பார்ப்போம். எஸென்ஷியல் ட்ரெமர் உள்ள 77 பேரைக் கொண்டு, மெய், பாவனை என்ற இரு பிரிவாக நடத்திய ஆராய்ச்சி 2019-இல் வெளியாயிற்று. முக்கிய அளவுகோலாக முன்கூட்டியே அறிவித்திருந்த சுருள் வரையும் பரீட்சையில், மெய்க் கருவி பாவனைக் கருவியை வெல்லவில்லை. கை நடுக்கத்தின் வேறு மதிப்பீடுகளில் வென்றது. அடுத்து 263 பேர் மூன்று மாதம் வீட்டிலேயே பயன்படுத்திய பெரிய ஆராய்ச்சி 2020-இல் வெளிவந்தது. பெரும்பாலோருக்கு நடுக்கம் குறைந்தது என்றும், பாதிக்கு மேற்பட்டோருக்கு அது பாதியளவுக்கோ அதற்கு மேலோ இறங்கியது என்றும் அது கூறியது. ஆனால் அதில் பாவனைப் பிரிவே கிடையாது. கருவியினால் அபாயமான கேடு எவருக்கும் நேரவில்லை; ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோல் எரிச்சல், புண், அரிதாக மின்சூடு ஆகிய சிறு தொல்லைகள் உண்டாயின.

இவையெல்லாம் எஸென்ஷியல் ட்ரெமரைப் பற்றியவை. பார்க்கின்ஸன் நோய்க்கென்று நடந்த முக்கியமான ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்கள் 40 பேர். நாளைக்கு இருமுறை, நான்கு வாரம். நடுக்கம் குறைந்ததாகவே அளவுகள் காட்டின. அங்கேயும் ஒப்பிடுவதற்குப் பாவனைப் பிரிவு இல்லை.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கருவி ஏமாற்று வித்தை அன்று. அதன் அடிப்படை உடலியல் நேர்மையானது. எஸென்ஷியல் ட்ரெமரில் அதற்கு ஓரளவு சான்று சேர்ந்திருக்கிறது. பார்க்கின்ஸன் நோயைப் பொறுத்தவரை, எந்த நோயில் நம்பிக்கையின் வலிமை உச்சமோ அந்த நோயிலேயே நம்பிக்கையைக் கழித்துப் பார்க்கும் பரீட்சையைப் போதிய அளவில் நடத்தாமல் கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. இந்த நோய்க்கு அமெரிக்க நிர்வாகம் அளித்த அனுமதி என்பது, முன்பே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது நிகரானது என்ற வழியில் கிடைத்தது. புது மருந்துக்குக் கேட்கும் அக்கினிப் பரீட்சையை அது குறிப்பதில்லை.

ஒரு மணி நேரத்தின் விலை

அப்படியானால் வாங்கவே கூடாதா என்றால், அதுவும் சொல்லத் தகாது. எஸென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களிடம் 40 நிமிஷத் தூண்டுதலுக்குப் பின் சுமார் ஒரு மணி நேரம் பலன் நிற்பதாக ஆராய்ச்சிகள் தெரிவிக்கின்றன. நடுக்கம் இல்லாதவனுக்கு ஒரு மணி நேரம் அற்பம். கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் நடுவே ரசத்தைக் கையில் ஏந்த வேண்டியவருக்கு, பேரனுக்கு ஒரு கவளம் ஊட்ட ஆசைப்படும் பாட்டிக்கு, சவரக் கத்தியைக் கையில் எடுப்பவருக்கு, அந்த ஒரு மணி நேரம் அற்பமன்று. நடுக்கத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மனம் பதறினால் அது பெருகும். நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி நடுக்கத்தை வெளிக்கொணர்வது டாக்டர்கள் கையாளும் வழக்கமான முறை. பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் நடுக்கத்தை வளர்க்க, வளர்ந்த நடுக்கம் கூச்சத்தை வளர்க்க, கடைசியில் விசேஷ வீடுகளுக்கே போவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி வாசற்படி தாண்டச் செய்யும் எந்தச் சாதனத்தையும் நான் இகழ மாட்டேன்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குடும்பம் கொடுக்கும் விலை ரூபாயோடு நிற்பதில்லை. கருவி ஒரு கைக்கு மட்டும் உரியது. பார்க்கின்ஸன் நோய் ஒரு பக்கம் தொடங்கி நாளடைவில் மறு பக்கத்துக்கும் செல்வது. மின்முனைப் பட்டையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அயல்நாட்டுச் சாமானுக்கு அது தொடர்ந்த செலவு. பட்டையைக் கட்டி, தாளத்தை அளவிட்டு, 40 நிமிஷம் காத்திருக்கும் பொறுப்பு, விரல்கள் ஒத்துழைக்காத நோயாளியை விட அவர் மனைவியின் அல்லது மருமகளின் தலையில்தான் விழும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, கை நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்ற எண்ணம். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் மயக்கமும் தோன்றி உயிருக்கே கேடு விளையலாம். மணிக்கட்டுப் பட்டை எந்த மாத்திரைக்கும் மாற்று அன்று; மாத்திரையோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணை மட்டுமே.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலிக்குப் பிஸியோதெரபி நிபுணர்கள் பயன்படுத்தும் 'டென்ஸ்' கருவிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மின்சாரம் மின்சாரம்தானே என்று அதை மணிக்கட்டில் ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. நடுக்கத்தின் தாளத்தை அளந்து, இரண்டு நரம்புகளை மாற்றி மாற்றித் தூண்டும் வேலை அந்தக் கருவிக்குத் தெரியாது. அதிர்வினால் வேலை செய்யும் பட்டைகளும் இருக்கின்றன. மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் ஹையான் ஜாங், எம்மா லாட்டன் என்ற இளம் ஓவிய வடிவமைப்பாளருக்காகச் செய்த அதிர்வுக் கடிகாரம் 2016-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டப்பட்டு உலகப் புகழ் பெற்றது. அது ஒரு பெண்மணிக்கு எழுதவும் வரையவும் உதவிய இனிய செய்தி; அதிர்வுப் பட்டைகள் எல்லாருக்கும் உதவும் என்பதற்கு அது சான்றாகாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் ஆளுகைக்குள் வந்துவிட்டன. விற்பவரிடம் உரிமம் எங்கே என்று கேட்பதற்கு வாங்குபவருக்கு முழு அதிகாரம் உண்டு. தயங்காமல் கேட்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: கருவி இல்லாமலே கிடைப்பவை

கையெழுத்து மாறிப்போனதால் வங்கியில் அலைக்கழிபவர்கள் அறியவேண்டியது: முதுமையாலோ நோயாலோ கையெழுத்திட இயலாதவர் கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிஸர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்கவேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்த 21 வகைகளுள் பார்க்கின்ஸன் நோயும் ஒன்று.

கனமான கரண்டி, பிடி தடித்த பேனா, மூடியிட்ட டம்ளர், பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த சட்டை ஆகியவற்றை ஆக்குபேஷனல் தெரபி நிபுணர்கள் அவரவர் கைக்குத் தகத் தேர்ந்து தருவார்கள்.

செய்ய வேண்டியது

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகெங்கும் 85 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பார்க்கின்ஸன் நோயோடு வாழ்ந்துவந்தார்கள். ஆயுள் நீள நீள இந்தத் தொகை ஏறவே செய்யும். இவ்வளவு பெரிய கூட்டத்தின் நம்பிக்கையைச் சில அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் முழுவதுமாக ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதற்குப் பாங்காக் கையுறை ஓர் உதாரணம். மின்முனை, அசைவுமானி, சிறு பாட்டரி, ஒரு சில்லு என்ற இவற்றில் நம்மால் செய்ய முடியாதது எதுவுமில்லை. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்த சென்னையில், நரம்பியல் துறைகளும் பொறியியல் கல்லூரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கருவியைச் செய்வதோடு நிற்காமல், மெய்ப் பட்டையையும் பாவனைப் பட்டையையும் நூற்றுக்கணக்கான பார்க்கின்ஸன் நோயாளிகளிடம் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சியை அவர்கள் சேர்ந்து மேற்கொள்ள வேண்டும். அரசாங்கம் அதற்குப் பொருள் தர வேண்டும். விடை சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அது நோயாளிகளுக்கு லாபமே.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம். நம் நாட்டில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் யாவும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். இத்தகைய ஆராய்ச்சியில் சேர அழைப்பு வந்தால், பாவனைப் பட்டை நம் பங்குக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்காதீர்கள். சொந்தச் செலவில் வாங்கத் தீர்மானிப்பவர்கள், முதலில் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் சென்று, உங்களைத் தொல்லைப்படுத்துவது ஓய்வு நடுக்கமா, காரிய நடுக்கமா என்று கேட்டறியுங்கள். ஓய்வு நடுக்கம் என்றால் இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். காரிய நடுக்கம் என்றால், திருப்பிக் கொடுக்கும் வசதியோடு ஒரு மாதம் சோதித்துப் பார்க்க இடமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.